உரிமம் தெளிவில்லாத மூலநிரல் கோப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களின் மழை அளவைப் பதிவுசெய்ய, சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சிறு குழு திறமூல மென்பொருள் எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிரல் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் களஞ்சியத்தின் முகப்பில் ஜிபிஎல் உரிமம் (மாற்றி வெளியிடுவோரும் அதே உரிமத்தில் வெளியிடக் கோரும் திறமூல உரிமம்) இருக்கிறது. ஆனால் மழைமானியின் அளவீட்டைப் படிக்கும் மூன்று கோப்புகள் வேறெங்கிருந்தோ வந்தவை, அவற்றின் தொடக்கத்தில் ஒரு பெயரும் ஆண்டும் மட்டுமே உள்ளன. பருவமழைக்கு முன் வெளியிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் தவறுகள் நேர்கின்றன.

உரிமம் குறிப்பிடாத கோப்பை யாரும் எடுத்தாளலாம் என்று நினைப்பது அவற்றில் ஒன்று. 1957-ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. இணையத்தில் பார்க்கக் கிடைப்பது வேறு, பயன்படுத்த அனுமதி பெறுவது வேறு.

அதைவிடப் பெரிய தவறு நல்லெண்ணத்தில் நடப்பது: முகப்பில் உள்ள உரிமத்தையே அந்த மூன்று கோப்புகளுக்கும் நாமாக எழுதிவிடுவது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 4.14 பதிப்பில், 2017-இல், உரிமக் குறிப்பில்லாத ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு என்ற எஸ்பிடிஎக்ஸ் வரியை (கோப்பின் உரிமத்தைச் சுருக்கமாகக் குறிக்கும் வரி) சேர்க்கவில்லையா என்று சிலர் கேட்பார்கள். குறிப்பில்லாத கோப்புகள் கெர்னலின் பொது உரிமத்துக்குள் அடங்கும் என்ற நிலைப்பாடு அங்கே இருந்தது. வெளியிலிருந்து எடுத்துவந்த கோப்புக்கு அந்த வாதம் பொருந்தாது. உரிமையாளர்தான் சொல்ல வேண்டும். பணியின் பகுதியாக எழுதப்பட்டதென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமையாளர் எழுதியவரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனமே. "தாராளமா எடுத்துக்குங்க" என்ற தொலைபேசிப் பதில் போதாது; உரிமத்தின் பெயரும் பதிப்பும் எழுத்தில் வந்து, களஞ்சியத்திலேயே பதிவாக வேண்டும். பதிலே வராவிட்டால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளாமல், அந்தப் பகுதியைப் பாராமல் புதிதாக எழுதுவதே உத்தமம்.

வெறுமனே "ஜிபிஎல்" என்ற பதிலும் சிக்கலே. இரண்டாம் பதிப்பு 1991-இலும் மூன்றாவது 2007-இலும் வந்தவை. அப்பாச்சி 2.0 என்ற மற்றொரு திறமூல உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு நிரலோடு சேர்த்து வெளியிடலாம்; "இரண்டாம் பதிப்பு மட்டும்" என்றிருந்தால் சேர்க்க முடியாது என்பதே ஜிபிஎல்லை வெளியிடும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலை. ஆகவே "அல்லது பிந்தைய பதிப்பு" உண்டா என்பதையும் சேர்த்தே கேட்டுவிட வேண்டும்.

தெளிவு கிடைத்த பின்னும் ஒரு தவறு மிச்சமிருக்கிறது: புதிய உரிம வரியைச் சேர்க்கும்போது பழைய பதிப்புரிமை அறிவிப்பை அழித்துவிடுவது. எம்ஐடி, பிஎஸ்டி போன்ற எளிய திறமூல உரிமங்கள்கூட அந்த அறிவிப்பைத் தக்கவைக்கும்படி கோருகின்றன. புதிய வரி அதற்கு மேலே வரலாம், அதன் இடத்தில் வரக் கூடாது.