‘மாட்டார்’, ‘வராது’ இரண்டுக்கும் ஒரே ‘வோன்ட்’

‘வில் நாட்’ என்பதன் சுருக்கமே ‘வோன்ட்’. இடைக்கால ஆங்கிலத்தில் ‘வில்’ என்பதற்கு ‘வோல்’ என்ற வடிவமும் வழங்கியதால்தான் சுருக்கத்தில் ஓகார ஒலி நிலைத்துவிட்டது.

தமிழில் உயர்திணைக்கு ‘வர மாட்டார்’ என்றும் அஃறிணைக்கு ‘வராது’ என்றும் பிரித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவு இல்லாததால் ‘ஹி வோன்ட் கம்’, ‘த வாட்டர் வோன்ட் கம்’ என இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் போதும். அதன்பின் ‘கம்ஸ்’, ‘கேம்’, ‘டு கம்’ ஆகியவை வரக் கூடாது.

இதற்கு மறுப்புப் பொருளும் உண்டு. அதுதான் மிக அழகானது. திருவையாற்றுப் பக்கம் விடியற்காலையில் பம்புசெட் உறுமி உறுமி நின்றுவிடும்போது, ‘மோட்டார் ஓட மாட்டேங்குது’ என்று அதற்கும் ஒரு பிடிவாதம் இருப்பதுபோலச் சொல்கிறோம் அல்லவா? ‘த மோட்டார் வோன்ட் ஸ்டார்ட்’ என்பது அதே உணர்வுதான். இங்கே அது எதிர்காலத்தை அல்ல, இந்த நொடியைக் குறிக்கிறது. நேற்று நடந்ததென்றால் ‘வுடின்ட் ஸ்டார்ட்’.

பலரும் தவறுவது ‘இஃப்’ வரும் இடத்தில். ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறக்காவிட்டால் குறுவை விதைக்க மாட்டோம் என்பதற்கு, ‘இஃப் தே டோன்ட் ஓபன் த டேம், வீ வோன்ட் சோ குறுவை’ என்றே எழுத வேண்டும். முதற்பகுதியிலும் ‘வோன்ட்’ இட்டால், திறக்க மறுத்தால் என்று பொருள் மாறிவிடும்.

உச்சரிக்கையில் ஓகாரத்தை நீட்டுங்கள். குறுகினால் கேட்பவர் காதில் ‘வேண்டும்’ எனப் பொருள்படும் ‘வான்ட்’ என்றே விழும்.