தூரத்தைக் குறைக்கும் அவசரம்: காட்டுயிர்ப் படமெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை நாளில் கேமராவோடு வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ போய்வந்தவர்களிடம் படம் ஏன் சரியாக வரவில்லை என்று கேட்டால், "லென்ஸ் எட்டவில்லை" என்பார்கள். எட்டாதது உண்மைதான். ஆனால் அந்தத் தூரத்தை எப்படியாவது குறைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் புதியவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன. சிலர் காசால் குறைக்கப் பார்க்கிறார்கள், சிலர் காலால், சிலர் தீனியால்.

காசிலிருந்து தொடங்குவோம். நிகான் பி900 கேமராவில் 2000 மி.மீ., பி1000-இல் 3000 மி.மீ. என்ற குவியத்தூர எண்ணைப் (இது கூடக் கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்) பார்த்ததும் இனி எந்தப் பறவையும் தப்பாது என்று தோன்றும். நல்ல வெயிலில் கிளையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியை எடுக்கவும், தொலைவில் நிற்பது என்ன பறவை என்று அடையாளம் காணவும் இவை அருமையான கருவிகள். ஆனால் இவற்றின் சென்சார் (ஒளியைப் படமாகப் பதியும் தகடு), லென்ஸ் மாற்றக்கூடிய சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் உள்ள ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மங்கிய ஒளியில் விவரமெல்லாம் கரைந்து படம் மாவாகிவிடும். பறக்கும் பறவையைப் பிடிக்க ஃபோகஸும் தடுமாறும். சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பும் பி900-இல் கிடையாது. சோலைக்காட்டு நிழலில் படமெடுக்க நினைத்து இவற்றை வாங்கினால் ஏமாற்றம்தான்.

150–600 மி.மீ. லென்ஸ் வாங்குகிறவர்கள் வேறொன்றை மறந்துவிடுகிறார்கள். அது ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. 600-இல் அதன் துளை எஃப்/6.3-க்கு மேல் திறக்காது (எஃப் எண் கூடக் கூட உள்ளே வரும் ஒளி குறையும்). அதன் பின்னால், படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டரை மாட்டினால் ஒளி இன்னும் பாதியாகி எஃப்/9-ஆகிவிடும். பழைய கேமராக்கள் பலவற்றில் தானியங்கி ஃபோகஸ் அங்கே கைவிட்டுவிடும். கையில், கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 55–250 கிட் லென்ஸ் இருக்கிறதா? ஏபிஎஸ்-சி கேமராவில் அதன் 250 முனை, பெரிய முழுச்சட்டக சென்சாரில் 375 முதல் 400 மி.மீ. லென்ஸ் தரும் பார்வையைத் தரும். வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று, மரம் நிறைய அமர்ந்திருக்கும் நத்தைக்குத்தி நாரைகளைக் கூட்டமாக எடுக்க அது போதும். அடுத்த செலவு லென்ஸாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல பைனாகுலராக இருக்கட்டும் என்பதே என் கருத்து. பறவை அடுத்து என்ன செய்யப்போகிறது என்று பார்த்துப் பழகியவருக்குத்தான் படம் கிடைக்கும். சென்னையில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே முதுமலை யானைகளை எடுத்தவர்.

எந்த லென்ஸாலும் வெல்ல முடியாத ஒன்று உண்டு: வெப்பம். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் கோடியக்கரை சேற்றுவெளியில் தொலைவில் நிற்கும் பூநாரைகளை எடுத்துப் பாருங்கள். தோசைக்கல்லுக்கு மேலே காற்று நெளிவதுபோல் பறவையின் விளிம்பெல்லாம் நெளிந்திருக்கும். லென்ஸ் பழுது என்று நினைத்துச் சர்வீஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். விடியலில் போங்கள், அவ்வளவுதான்.

அமைப்புகளில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது, ஐஎஸ்ஓ-வைக் (ஒளியுணர்வு அளவு; இதைக் கூட்டினால் படத்தில் புள்ளிகள் கூடும்) கண்டு பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பது. லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். பறவையின் சிறகடிப்பை நிறுத்தாது. பறக்கும் பறவைக்கு 1/2000 நொடி வேண்டும். ஐஎஸ்ஓ 3200 போனாலும் போகட்டும். புள்ளிகளை மென்பொருளில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம், பறவையின் கலங்கிய கண்ணை மீட்க முடியாது.

அடுத்தது வெள்ளைப் பறவைகள். கரும்பச்சை மரத்தின் முன்னால் ஒரு கொக்கு நின்றால், கேமராவின் ஒளி அளவி இருட்டைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியைக் கூட்டிவிடும். கொக்கின் இறகு விவரமில்லாத வெள்ளைத் திட்டாகிவிடும். அங்கே ஒரு ஸ்டாப் வரை (அதாவது பாதி ஒளி வரை) குறையுங்கள். அதே கொக்கு வெளுத்த வானத்தின் முன்னால் பறந்தால் நிலைமை நேர்மாறு, கூட்ட வேண்டும். பின்னணி மாறும்போதெல்லாம் இதை மாற்றத் தெரிந்தவருக்குப் பழைய கேமராவே போதும்.

வனத்துறை வாகனத்தில் போகிறவர்கள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், விரிக்க இடமே இருக்காது. ஒரு துணிப்பையில் பாதிக்கு அரிசி போட்டுக் கட்டி, ஜன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஓடும் இன்ஜினின் அதிர்வு படத்தில் தெரியும்.

காலால் தூரத்தைக் குறைப்பதுதான் கவலைக்குரியது. பூநாரைக் கூட்டத்தை நோக்கி நேராக நடந்தால் அது எழும்பிப் பறக்கும், படமும் அழகாக வரும். ஆனால் இரை தேடும் நேரத்தில் அப்படி எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் உண்டதெல்லாம் சிறகடிப்பில் செலவாகிறது. பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்க்கிறதா? மேய்வதை நிறுத்திவிட்டதா? நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். ஆட்காட்டிப் பறவை தலைக்குமேல் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தால், தரையில் எங்கோ பக்கத்தில் அதன் முட்டைகள் இருக்கின்றன. வந்த வழியிலேயே திரும்பிவிடுங்கள். உட்கார்ந்து காத்திருப்பதுதான் சரியான வழி. அரை மணி நேரம் அசையாமல் ஒரு குளக்கரையில் இருந்தால், பல பறவைகள் தாமாகவே நெருங்கி வரும். தரையோடு தாழ்ந்திருப்பதால் கண்மட்டப் படமும் கிடைக்கும்.

வால்பாறைச் சாலையோரம் சிங்கவால் குரங்குகளுக்குப் பிஸ்கட் போட்டு அருகில் வரவழைப்பவர்கள், அவற்றைச் சாலைக்குப் பழக்குகிறார்கள். வண்டியில் அடிபடாமல் அவை மரத்துக்கு மரம் கடக்க அங்கே சாலைக்கு மேலே பாலம் கட்ட வேண்டியிருந்தது. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவதும் இதே வகைதான். எல்லைக்குள் போட்டிக்காரன் நுழைந்துவிட்டான் என்று நம்பி, ஆண் பறவை இரையை விட்டுவிட்டு அலைகிறது.

கூட்டைப் படமெடுக்கவே வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வேன். இருவாச்சிப் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். சிறு பிளவு வழியே ஆண் ஊட்டுவதுதான் அதற்கும் குஞ்சுக்கும் உணவு. மரத்தடியில் கேமராவோடு நாம் நின்றால் ஆண் தயங்கித் தள்ளியே நிற்கும், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும், விலங்கை இரை காட்டி ஈர்ப்பதையும் வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது.

இரவில் தேவாங்கு தேடிப் போகிறவர்கள் ஃபிளாஷைத் தவிர்க்க வேண்டும். இருளில் பார்க்கப் பெரிதாக அமைந்தவை தேவாங்கின் கண்கள். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது, அந்த அளவுக்குத் தேவாங்குகளுக்குப் பாதுகாப்பு தேவைப்படுவதால்தான்.

வீட்டுக்கு வந்தபின் கேமராவைப் பையிலேயே மூடி வைக்காதீர்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பா மலிவானது.

படத்தைப் பகிரும்போது இடத்தைச் சொல்லிவிடுவதும் ஒரு தவறு. ஆந்தையையும் தேவாங்கையும் மாந்திரீக நம்பிக்கைக்காகப் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மரம், பாதை, ஊர்ப்பெயர் எதுவும் வேண்டாம், மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு தானாகவே பதிந்திருக்கக்கூடும். அனுப்புவதற்கு முன் அதை நீக்கிவிடுங்கள்.