முதல் வலைப்பக்கம் சரியாக வரவில்லையா? கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி

எடிட்டரில் தமிழ் ஒழுங்காகத்தான் இருக்கிறது. பிரவுசரில் திறந்தால் கடைப் பெயர் வர வேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி நிற்கின்றன. படம் வரவில்லை. நிறம் மாற்றியது தெரியவில்லை. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. புதிதாகக் கற்பவர்கள் இந்த இடத்தில் கண்ணில் பட்ட வரியையெல்லாம் மாற்றிப் பார்க்கத் தொடங்குகிறார்கள். பழைய கோளாறு அப்படியே இருக்க, அதன்மேல் புதிதாக இரண்டு சேர்ந்துகொள்கிறது.

கை வைப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: கோளாறு ஃபைலில் இருக்கிறதா, ஃபைல் பிரவுசருக்கு வந்து சேரும் வழியில் இருக்கிறதா, வந்த பிறகு பிரவுசர் படிக்கும் விதத்தில் இருக்கிறதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரு வரிதான்.

எடுத்துக்காட்டாக ஒரு தையல்கடைப் பக்கத்தை வைத்துக்கொள்வோம். ஒரே ஃபோல்டரில் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல், ஸ்டைல்.சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட்.ஜேஎஸ், உள்ளே இமேஜஸ் என்ற துணை ஃபோல்டர். பக்கத்தில் கடைப் பெயர், ஒரு படம், பெயர் எழுதும் கட்டம், கூலி கணக்கிடும் பொத்தான். டேக் பெயர்களை இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறோம். எடிட்டரில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலில் செய்ய வேண்டிய இரண்டு ஏற்பாடுகள்

ஒன்று, ஃபைல் பெயரின் வால் தெரிய வேண்டும். விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய் டிக் போடுங்கள். நோட்பேடில் சேமித்த இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் பல நேரம் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல்.டிஎக்ஸ்டி ஆகியிருக்கும். வால் மறைந்திருப்பதால் தெரியாது. திறந்தால் பக்கத்துக்குப் பதிலாக நீங்கள் எழுதிய கோடே, அதாவது நிரலே, எழுத்தாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இரண்டு, பிரவுசரில் எஃப்12 விசையை அழுத்தி டெவலப்பர் டூல்ஸைத் திறந்து பழகுங்கள். அதில் நெட்வொர்க், கன்சோல், எலிமென்ட்ஸ் ஆகிய மூன்று டேப்கள் போதும். ஃபயர்ஃபாக்ஸில் எலிமென்ட்ஸுக்குப் பெயர் இன்ஸ்பெக்டர். நெட்வொர்க் டேப் தான் திறந்த பிறகு நடப்பதை மட்டுமே பதிவு செய்யும். ஆகவே அதைத் திறந்த பின் பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்ய வேண்டும்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது

இதை மட்டும் சற்று நிதானமாகப் பார்ப்போம். தமிழில் பக்கம் செய்கிற எல்லோரும் ஒரு நாள் இதில் மாட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இதற்கு இரண்டு வரிக்கு மேல் கிடைப்பதும் அரிது.

ஃபைலுக்குள் இருப்பவை எண்கள்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பட்டியலான யூனிகோடில் 'அ' என்ற எழுத்தின் எண் 2949. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அது 224, 174, 133 என்று மூன்று பைட்டுகளாகப் பதிகிறது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறிகள் எல்லாமே இப்படி மூன்று பைட்டுதான். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இது யூடிஎஃப்-8 என்று தெரியாத பிரவுசர், பழைய மேற்கத்திய முறையில் ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகப் படிக்கிறது. அந்த முறையில் 224 என்பது சாய்கோடு போட்ட ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். எந்தத் தமிழ்ச் சொல்லை எழுதினாலும் அதே இரண்டு குறிகள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

உடைந்த எழுத்து எப்படித் தெரிகிறது என்பதை உற்றுப் பாருங்கள். நோய் எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும்.

அந்த ஏயும் ஆரும் தெரிந்தால் ஃபைல் நலமாக இருக்கிறது, படிக்கும் விதம்தான் தவறு. ஹெட் டேக்கைத் திறந்ததும் முதல் வரியாக ஒரு மெட்டா டேக் போட்டு, அதில் சார்செட் (எழுத்து முறை) என்பதற்கு யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுங்கள். டைட்டிலுக்கும் முன்னால் அது வர வேண்டும். ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் இந்த வரி இருக்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. நீளமான குறிப்புரைக்குக் கீழே தள்ளி வைத்தால் பயன்படாமல் போகலாம். வரி சரியாக இருந்தும் உடைகிறது என்றால், பக்கத்தை அனுப்பும் சர்வர் வேறு ஏதோ சொல்கிறது. நெட்வொர்க் டேப்பில் உங்கள் பக்கத்தின் பெயரைச் சொடுக்கி, ஹெடர்ஸ் பகுதியில் கன்டென்ட் டைப் வரியைப் பாருங்கள். அங்கே வேறு சார்செட் இருந்தால், மெட்டா டேக்கைவிட அதன் சொல்தான் எடுபடும். பக்கத்தை ஏற்றி வைத்திருக்கும் ஹோஸ்டிங் அமைப்பில்தான் அதை மாற்ற வேண்டும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் வந்தால் நிலைமை வேறு. அந்தப் பக்கத்தின் ஃபைலை எடிட்டரில் திறந்து பாருங்கள். அங்கேயும் கேள்விக்குறி என்றால், தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்தபோதே தமிழ் அழிந்துவிட்டது. மெட்டா டேக் அதைத் திருப்பிக் கொண்டுவராது. மறுபடி தட்டச்சு செய்து, நோட்பேடின் சேவ் ஆஸ் பெட்டியில் என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 தேர்ந்து சேமியுங்கள். 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1903 முதல் நோட்பேட் தானாகவே யூடிஎஃப்-8 எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய கணினிகளில் ஒவ்வொரு முறையும் பார்த்துச் சேமிக்க வேண்டும். ஃபைலில் தமிழ் இருந்து, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸிலிருந்து வரும் பகுதி மட்டும் கேள்விக்குறியானால், அந்த டேபிளின் எழுத்து முறையை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கிவிட்டு விவரங்களை மறுபடி ஏற்ற வேண்டும்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், ஃபைல் வேறு முறையில் சேமிக்கப்பட்டிருக்கிறது, பிரவுசர் யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படிக்கிறது என்று பொருள். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற வெப் ஃபான்ட் ஒன்றை இணைத்தால் தீரும்.

இன்னொன்றும் உண்டு. பழைய டிடிபி (அச்சு வடிவமைப்பு) ஃபைலிலிருந்து ஒட்டிய 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். அது பாமினி எழுத்துருவில் அடித்தது. உள்ளே உண்மையிலேயே ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன, பாமினி ஃபான்ட் அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. சார்செட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி எடுத்து, பிறகு பக்கத்தில் சேருங்கள்.

என் கணினியில் படம் வருகிறது, ஏற்றிய பிறகு வரவில்லை

நெட்வொர்க் டேப்பில் சிவப்பாக 404 என்ற எண்ணோடு ஒரு வரி இருக்கும். சர்வர் அந்த இடத்தில் ஃபைல் இல்லை என்கிறது. அந்த வரியின் மேல் மவுஸை வைத்தால் பிரவுசர் தேடிப் போன முழு முகவரி தெரியும். அதையும் ஃபோல்டரில் இருக்கும் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

அதிகம் நடப்பது பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும். ஹோஸ்டிங் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன, அங்கே இரண்டும் வெவ்வேறு ஃபைல். கேமராவிலிருந்து வரும் படத்தின் ஜேபிஜி வால் பல நேரம் பெரிய எழுத்தில் இருக்கும், கோடில் நாம் சிறிய எழுத்தில் எழுதியிருப்போம். எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், சொற்களுக்கு நடுவே சிறு கோடு போட்டு வையுங்கள்.

முகவரி சி டிரைவில் தொடங்கினால் அது உங்கள் கணினிக்கு மட்டுமே தெரிந்த பாதை. 'இமேஜஸ், சாய்கோடு, படத்தின் பெயர்' என்று பக்கம் இருக்கும் இடத்திலிருந்து எழுதுங்கள். பின்சாய்ந்த கோடு வேண்டாம், முன்சாய்ந்த கோடுதான். முகவரியின் தொடக்கத்திலேயே சாய்கோடு போட்டால் தளத்தின் வேர் ஃபோல்டரிலிருந்து தேடு என்று பொருள். கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் சேவையில் ஒரு புராஜெக்டாக ஏற்றினால் உங்கள் பக்கம் ஒரு துணை ஃபோல்டருக்குள் போய்விடும், பிரவுசரோ வேரில் தேடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு சாய்கோட்டை எடுத்தால் படம் வந்துவிடும்.

தேடிய முகவரியில் சதவீதக் குறிகள் நிறைந்திருந்தால் மேற்கோள் குறியைச் சந்தேகியுங்கள். வேர்டிலிருந்து ஒட்டிய கோடில் நேர்க்குறிக்குப் பதில் வளைந்த குறி வந்திருக்கும். பிரவுசர் அதையும் ஃபைல் பெயரின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்கிறது. அழித்துவிட்டு எடிட்டரிலேயே புதிதாகப் போடுங்கள்.

சிஎஸ்எஸ் மாற்றினேன், பக்கம் மாறவில்லை

இந்த வரிசையில் பாருங்கள். எடிட்டர் டேப்பில் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் இன்னும் சேமிக்கவில்லை. சேமித்திருந்தால் நெட்வொர்க் டேப்: ஸ்டைல்.சிஎஸ்எஸ் 404 என்றால் படத்துக்குச் சொன்னதே இதற்கும். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையென்றால் லிங்க் டேக்கில் ரெல் என்பதற்கு ஸ்டைல்ஷீட் என்ற மதிப்பு விட்டுப்போயிருக்கும். ஃபைல் வந்திருக்கிறது, உள்ளே பழைய வரிகள் என்றால் பிரவுசர் சேமித்து வைத்த பழைய பிரதியைக் காட்டுகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வேலை செய்யும் நேரத்தில் நெட்வொர்க் டேப்பில் டிஸேபிள் கேஷ் டிக் போட்டு வைப்பது நல்லது. டெவலப்பர் டூல்ஸ் திறந்திருக்கும்வரைதான் அது செல்லும்.

புதிய வரி வந்தும் பலிக்கவில்லை என்றால் எலிமென்ட்ஸ் டேப்பில் அந்தப் பகுதியைச் சொடுக்கி, பக்கத்தில் வரும் ஸ்டைல்ஸ் பட்டியலைப் பாருங்கள். உங்கள் வரி கோடு அடித்து நின்றால் பெரும்பாலும் வேறொரு விதி அதை முந்தியிருக்கிறது. ஐடி வைத்து எழுதிய ஒரு விதி, கிளாஸ் வைத்து எழுதிய எத்தனை விதிகளையும் முந்தும். ஆகவே ஸ்டைலுக்குக் கிளாஸ் மட்டுமே பயன்படுத்துங்கள், இம்பார்ட்டன்ட் போட்டு அடக்கும் பழக்கத்தைத் தொடங்கவே வேண்டாம். பட்டியலில் உங்கள் வரியே இல்லையென்றாலோ, முந்தும் விதி ஏதுமின்றிக் கோடு விழுந்திருந்தாலோ எழுத்துப் பிழையைத் தேடுங்கள். நிறம் சொன்ன வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டால், அடுத்து வரும் எழுத்தளவு வரியும் சேர்ந்தே போய்விடும். இரட்டைச் சாய்கோடு ஜாவாஸ்கிரிப்டில் குறிப்புரை, சிஎஸ்எஸ்ஸில் அப்படி ஒன்று கிடையாது. அங்கே போட்டால் அதற்குக் கீழே உள்ள விதி வேலை செய்யாது.

மொபைலில் எல்லாம் பொடிப்பொடியாகத் தெரிகிறது

வியூபோர்ட் மெட்டா டேக் இல்லாத பக்கத்தை மொபைல் பிரவுசர்கள் ஏறத்தாழ 980 பிக்சல் அகலத் திரைக்கு என்று எண்ணி அடுக்கி, பிறகு சுருக்கிக் காட்டுகின்றன. மெட்டா டேக்கில் நேம் என்பதற்கு வியூபோர்ட், கன்டென்ட் என்பதற்கு விட்த் சமம் டிவைஸ்-விட்த், இனிஷியல்-ஸ்கேல் சமம் 1 என்று கொடுங்கள்.

அதன் பிறகு பக்கம் இடவலமாக நகர்ந்தால் ஏதோ ஒன்று திரையைத் தாண்டியிருக்கிறது. படங்களுக்கு மேக்ஸ்-விட்த் 100 சதவீதம், ஹைட் ஆட்டோ. ஒரு பெட்டிக்கு 100 சதவீத அகலமும் இருபுறம் 20 பிக்சல் பேடிங்கும் கொடுத்தால், 360 பிக்சல் திரையில் அது 400 ஆகிவிடும், ஏனென்றால் பேடிங் அகலத்துக்கு மேல் கூடுகிறது. பாக்ஸ்-சைஸிங் என்பதை பார்டர்-பாக்ஸ் ஆக்கினால் 360-க்குள்ளேயே அடங்கும்.

பொத்தான் வேலை செய்யவில்லை

கன்சோல் டேப்பில் சிவப்பு வரி இருக்கும். ஒன்றுமில்லை என்று பொருள்படும் நல் என்ற சொல் அதில் வந்தால், ஸ்கிரிப்ட் தேடிய நேரத்தில் பொத்தான் பக்கத்தில் இல்லை. ஐடி பெயரில் எழுத்துப் பிழை இருக்கலாம். அது சரியென்றால், ஹெட் பகுதியில் இருக்கும் ஸ்கிரிப்ட் பொத்தான் உருவாவதற்கு முன்பே ஓடியிருக்கிறது. ஸ்கிரிப்ட் டேக்கில் டிஃபர் என்று சேருங்கள். தனி ஃபைலாக இணைத்த ஸ்கிரிப்டுக்கு மட்டுமே அது பலிக்கும்.

விடை ஒரு கணம் மின்னி மறைந்தால், ஃபார்முக்குள் இருக்கும் பொத்தான் ஃபார்மை அனுப்பிவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றுகிறது. டைப் என்பதற்கு பட்டன் என்று மதிப்புக் கொடுத்தால் நின்றுவிடும். கூலி 350, லைனிங் 50 என்று கொடுத்து விடை 35050 என்று வந்தால், கட்டத்தில் எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக எடுக்கவில்லை, இரண்டு எழுத்துச் சரங்களாக ஒட்டிவிட்டது. இரண்டையும் தனித்தனியே நம்பர் என்ற ஃபங்ஷனுக்குள் போட்டுக் கூட்டுங்கள், 400 வரும்.

வாடிக்கையாளர் பெயர் எழுதும் கட்டத்துக்கு மேக்ஸ்லெங்த் 10 என்று வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 'கிருஷ்ணமூர்த்தி' நமக்கு 8 எழுத்து. பிரவுசர் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 15 என்கிறது. அவர் தட்டச்சு செய்துகொண்டு வரும்போது கட்டம் 'கிருஷ்ணமூர' என்ற இடத்தில் நின்றுவிடும். தமிழ்ப் பெயருக்கு 60 வரை விடுங்கள்.