கூவைமாவு வீட்டிலேயே எடுக்கலாம்

போன வருஷம் ஒரு கடையில் வாங்கின கூவைமாவை (ஆரோரூட் என்பார்களே, அந்தக் கிழங்கு மாவு) காய்ச்சினால் பசை மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மரச்சீனி (மரவள்ளி) மாவைக் கலந்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இப்போது தென்னைக்கு இடையில் நட்டதைத் தோண்டி நானே எடுத்துவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை பக்கமெல்லாம் கூவை என்றால் இரண்டு உண்டு. செதில் மூடி, விரல் நீளத்துக்கு மேல் வெள்ளையாக இருப்பது நட்டு வளர்ப்பது, அமெரிக்காவிலிருந்து வந்த செடி. மலையோரத்தில் தானாக முளைக்கிற காட்டுக்கூவை மஞ்சளின் இனம், இலையும் அப்படியே இருக்கும், கசப்பும் கூடுதல். காட்டில் தோண்டுவதானால் அடையாளம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மஞ்சள் மாதிரி செடிகள் அங்கே பல உண்டு.

வைகாசி மழையோடு நட்டால் மார்கழி, தையில் இலை பழுத்துச் சாயும். அதற்கு முன் தோண்டினால் தண்ணீர்தான் இருக்கும்.

தோண்டின அன்றே செதிலையும் தோலையும் சுரண்டிக் கழுவுங்கள், தோல் கிடந்தால் மாவு நிறம் மங்கிக் கசக்கும். துருவ மிக்சி போதும், ஆனால் ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் தேய்ப்பதுதான் எங்கள் ஆச்சியின் வழக்கம், விரல் நுனி பத்திரம். துருவலில் நிறைய தண்ணீர் விட்டுப் பிசைந்து பழைய துவர்த்தில் (துண்டில்) பிழியுங்கள். சக்கையைத் தூரப் போடலாம் (நம்மூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம், பலாச்சக்கையைச் சொல்லவில்லை, பிழிந்த திப்பி).

ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால் காலையில் மேலே பழுப்புத் தண்ணீரும் அடியில் சுண்ணாம்பு மாதிரி இறுகின மாவும் இருக்கும். பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மாவின் மேல் பழுப்பாகப் படிந்திருப்பதைக் கரண்டியால் வழித்தெடுத்து, புதுத்தண்ணீர் விட்டுக் கையால் உடைத்துக் கலக்கி மறுபடி தெளியவிட வேண்டும். இப்படி 4 தடவையாவது. காட்டுக்கூவைக்கு இன்னும் கூட, நாக்கில் வைத்தால் கசப்பே தெரியாத வரை. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் கெடுக்கிறார்கள்.

அப்புறம் வெள்ளை வேட்டியில் கட்டிகட்டியாகப் போட்டு 3, 4 நாள் வெயில், பனி விழுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். ஈரம் நின்றால் புளிப்பு வாடை வந்துவிடும். 10 கிலோ கிழங்குக்கு எனக்கு ஒரு கிலோ தேறினாலே பெரிது.

காய்ச்சும்போது ஒரு கரண்டி மாவை முதலில் பச்சைத்தண்ணீரில் கரையுங்கள், சுடுதண்ணீரில் நேரே போட்டால் கட்டி தட்டும். அதை வடிகட்டின கருப்பட்டித் தண்ணீரில் ஊற்றிச் சின்னத் தீயில் கிண்டினால் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி ஆகும். இறக்கினபின் தேங்காய்ப்பால். வயிறு சரியில்லாதவர்களுக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம், வெறும் உப்புப் போட்டுக் கொடுங்கள். 6 மாதம் ஆகாத குழந்தைக்கு எதுவுமே வேண்டாம்.

தோண்டும்போதே முளைக்கண் உள்ள துண்டுகளைத் தனியே எடுத்து நிழலில் மணலுக்குள் புதைத்து வைக்க மறக்காதீர்கள், ஒருமுறை எல்லாவற்றையும் துருவிவிட்டு வைகாசியில் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டு வாங்கினேன்.