ஸ்பீக்கர் வாங்கப் போகும் முன் ஓர் அட்டைப்பெட்டி தேடுங்கள்

புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய் ஸ்பீக்கர் வாங்குவதில் முதல் தப்பு, நேராகக் கடைக்குப் போவதுதான். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் போய், மூன்று கடை ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் என் வீட்டுக்காரர் இடுப்பளவு உயரத்தில் நின்ற இரண்டு கறுப்புப் பெட்டிகளைக் காட்டி "இதுதான்" என்றார், நான் "இதை எங்கங்க வைக்கிறது?" என்றேன், அவ்வளவுதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறி வில்லாபுரத்தில் இறங்குகிற வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பொதுவாக ஆணுக்குப் பாட்டுக் கிறுக்கு, பெண்ணுக்கு வீட்டு அழகு என்றுதான் இந்தக் கதையைச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பாட்டுக் கிறுக்கு எனக்குத்தான். அவருக்கு வேண்டியது சத்தம். அவருடைய மாமா மேலூர்ப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர், சின்ன வயசில் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வேப்பமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டி வளர்ந்த மனுஷன், பக்கத்து ஊருக்குக் கேட்கவில்லை என்றால் அது அவருக்கு ஸ்பீக்கரே இல்லை. உங்கள் வீட்டில் யார் எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றாக இருக்காது, அதை வீட்டிலேயே பேசிவிட்டால் கடைக்காரர் முன்னால் பேச வேண்டியிருக்காது.

சரி, வீட்டில் என்ன செய்வது? டேப் எடுத்து ஹாலை அளந்துகொள்ளுங்கள். எங்களுடையது பத்துக்குப் பதினாலு அடி. உட்காருகிற இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரமும், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், அதாவது மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் சம முக்கோணம் வரவேண்டும். எங்கள் ஹாலுக்கு அது ஆறரை அடி. டிவி யூனிட்டின் அகலமே ஐந்தடி, அப்போது பெட்டிகள் அதன் இரண்டு பக்கமும் வெளியேதான் நிற்க வேண்டும். ஒரு பக்கம் பால்கனிக் கதவு, இன்னொரு பக்கம் அத்தையின் கட்டில். இதெல்லாம் டவுன்ஹால் ரோட்டில் நின்று யோசித்தால் தெரியுமா?

அப்புறம் அட்டைப்பெட்டி. மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பெட்டிகளை வெட்டி ஒட்டி, அவர் ஆசைப்பட்ட டவர் ஸ்பீக்கரின் அளவுக்கே இரண்டு செய்து, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திவைத்தேன். பின்பக்கம் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கிப்போய் கொழகொழவென்று கேட்கும், மூலையில் தள்ளினால் இன்னும் மோசம், ஆகையால் சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னால் வரவேண்டும். நானும் அப்படியே வைத்தேன். ஒரு வாரம். அத்தை சேலை முந்தானை மாட்டி ஒன்றைத் தள்ளிவிட்டார்கள், பையன் ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்து நசுக்கினான், இவர் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து இரண்டு தடவை இடித்துக்கொண்டார். சனிக்கிழமை காலையில் அவரே, "ஏம்மா, சின்னப் பெட்டியே பாத்துருவோமா?" என்றார். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, அட்டைப்பெட்டிதான் பேசியது.

பணத்தையும் அந்த வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஸ்பீக்கர் விலையை மட்டும் பேசாதீர்கள், ஆம்ப்ளிஃபயர், ஸ்டாண்ட், வயர் எல்லாம் சேர்த்து மொத்தமாக ஒரே ஒரு எண். நாங்கள் போட்டது 45,000. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்பீக்கருக்கு, 18,000 ஆம்ப்ளிஃபயருக்கு, மீதி சில்லறைச் செலவுக்கு. விலையைக் குறைத்துச் சொல்லிச் சமாளிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், வாரண்டிக்காகப் பில்லைப் பத்திரமாக வைக்கத்தானே போகிறீர்கள், என்றைக்காவது ஒருநாள் அது கண்ணில் படும். இன்னொன்றும் செய்தோம்: ஆளுக்கு ஒரே ஒரு "வேண்டாம்". காரணம் சொல்லாமல் ஒரு மாடலை ஒருவர் தள்ளலாம், மற்றவர் ஏன் என்று கேட்கக்கூடாது. அவர் தன்னுடையதை ஒரு பளபளப்பான வெள்ளைப் பெட்டிக்குச் செலவழித்தார். என்னுடையது இன்னும் கைவசம் இருக்கிறது.

இனி வாட்ஸ். இந்த இடத்தில்தான் நிறைய வீட்டில் சண்டை வரும், கடைக்காரரும் இங்கேதான் விளையாடுவார். பெட்டியில் 5,000 வாட்ஸ் பிஎம்பிஓ என்று போட்டிருந்தால் அது ஊதிப் பெருக்கின விளம்பர எண், அதை மறந்துவிடுங்கள், ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தொடர்ந்து தருகிற வாட், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி, கேட்லாகில் டெசிபலில் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் வருகிற சத்தம் அது. 88 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் 88 தரும், 10 வாட்டில் 98, 100 வாட்டில் 108. வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் மூன்று டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடினது மாதிரி இருக்கும், அவ்வளவே. 50 வாட் ஆம்ப்ளிஃபயரை விட்டு 100 வாட்டுக்குப் போக எட்டாயிரம் கூடக் கொடுக்கலாமா என்று இந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இது புரிந்தது குழாயை வைத்துத்தான். மாமாவின் மைக்செட்டில் குழாய்க்குப் போன வாட் ஒன்றும் பெரிசில்லை. அந்தக் கூம்பு வடிவம் சத்தத்தைச் சிதறவிடாமல் ஒரே திசையில் தள்ளும், அதனால் அதன் சென்சிட்டிவிட்டி நூறு டெசிபலுக்கும் மேலே போகும். கண்மாய் தாண்டிக் கேட்டதற்குக் காரணம் அதுதான். ஆனால் குழாயில் அடிப் பேஸ் வராது, தவில் அடித்தால் வலது பக்கமான வலந்தலை மட்டும் டக் டக்கென்று கேட்கும், இடது பக்கமான தொப்பியின் கும்மென்ற சத்தம் காணாமல் போயிருக்கும். "ஆமா, மாமா செட்டுல தவிலு தகரம் மாதிரித்தான் இருக்கும்" என்று அவரே ஒப்புக்கொண்ட அன்றைக்கு எங்கள் சண்டை முக்கால்வாசி தீர்ந்தது.

ஓம்ஸையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டுகிற தடையின் அளவு அது. ஆம்ப்ளிஃபயரின் முதுகில் குறைந்தது ஆறு ஓம்ஸ் என்று போட்டிருந்தால் நாலு ஓம்ஸ் ஸ்பீக்கரை அதில் மாட்டாதீர்கள், சூடேறும். சவுண்ட்பாரை நான் இதில் சேர்க்கவில்லை. நாடகம், கிரிக்கெட் பார்க்க அது போதும், பாட்டுக்கு இடம் வலம் பிரிந்து கேட்க வேண்டுமென்றால் இரண்டு பெட்டி தள்ளித் தள்ளி நின்றே ஆகவேண்டும். வயர் பிடிக்காது என்கிற ஆள் வீட்டில் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிற ஆக்டிவ் ஸ்பீக்கர் கேளுங்கள், ஆனால் அது நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைக்கு வாரநாளில் போங்கள், காலை பதினொரு மணி வாக்கில். தீபாவளிக்கு முந்தின வாரமும் ஆடி ஞாயிறும் உட்கார்ந்து கேட்பதற்கான நாட்கள் இல்லை. கடைக்காரர் போடுகிற டெமோ பாட்டை மரியாதையாக ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, உங்கள் பென்டிரைவைக் கொடுங்கள். பல வருஷமாக உங்கள் காதில் ஊறின பாட்டுகளாக இருக்கட்டும். நான் கொண்டுபோனது மூன்றே மூன்று. ஒன்று எம்.எஸ். சுப்புலட்சுமி, நம்மூரில் பிறந்த குரல், நல்ல ஸ்பீக்கரில் அது இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும். இரண்டாவது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். மட்டமான ட்வீட்டரை, அதாவது கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ஸ்பீக்கரை, நாதஸ்வரம் காட்டிக்கொடுக்கிற மாதிரி வேறெதுவும் காட்டிக்கொடுக்காது, ஐந்து நிமிஷத்தில் காதில் ஊசி குத்தும். கூட வருகிற தவில் பேஸுக்கு ஆச்சு. மூன்றாவது அவருடைய பாட்டு, எது என்று சொல்லமாட்டேன்.

பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள், பேஸை ஏற்றிக் காட்டுகிற லவுட்னஸ் பட்டனை அணைக்கச் சொல்லுங்கள். ஒப்பிடுகிற இரண்டு ஜோடியும் ஒரே சத்தத்தில் ஓட வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடுவதுதான் யார் காதுக்கும் நல்லதாகப் படும், விற்க நினைக்கிற பெட்டியை ஒரு புள்ளி ஏற்றி வைக்கிறவர்களும் உண்டு. செல்போனில் டெசிபல் காட்டுகிற ஆப் இருக்கிறது, துல்லியமாக இருக்காது என்றாலும் இரண்டையும் ஒப்பிட அது போதும். நின்றுகொண்டு கேட்காதீர்கள், நாற்காலி கேட்டு உட்காருங்கள், ஒருவர் நடுவில் உட்கார்ந்து கேட்டதும் இடம் மாறுங்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் மார்க் போடுங்கள், முகத்தில் ஒன்றும் காட்டாதீர்கள். அவர் தலையாட்டினால் நானும் ஆட்டுவேன், நான் உதட்டைப் பிதுக்கினால் அவருக்கும் பிடிக்காமல் போகும், கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆனால் இதெல்லாம் தொற்றிக்கொள்ளும்.

ஒரு கடையில் பையன் சென்சிட்டிவிட்டி, ஓம்ஸ் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னான், என்னிடம் திரும்பி "அக்கா, உட்டன் கலரும் இருக்கு" என்றான். கேள்வி கேட்டது நான். இவர் சும்மா, "தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது, அவங்கட்ட சொல்லுங்க" என்றார். இப்படிச் சொல்கிற துணையோடு போனால் பாதி வேலை முடிந்தது.

முடிவைக் கடைக்குள் எடுக்காதீர்கள். "இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்டு" என்றாலும் சரி. வெளியே வந்து, விளக்குத்தூண் பக்கம் நடந்துபோய் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக்கொண்டு சீட்டுகளை அங்கே பிரித்துப் பாருங்கள். எங்கள் இரண்டு சீட்டிலும் முதல் மார்க் வாங்கியது ஒரே ஜோடி, இரண்டு பேருமே எதிர்பார்க்காத, கடையில் இருந்ததிலேயே பார்க்கச் சுமாரான பெட்டி. திரும்பிப் போய் விலை பேசும்போது, வீட்டில் ஒத்துவரவில்லை என்றால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள், சர்வீஸ் மதுரையிலேயே நடக்குமா, இல்லை சென்னைக்கு அனுப்ப வேண்டுமா என்று கேட்டுப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பழைய ஸ்பீக்கர் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்ச் மாதிரி இருந்து பொடிப்பொடியாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், ரப்பராக இருந்தால் பேசலாம்.

ஸ்டாண்டைக் கடையில் வாங்கவில்லை. வெல்டிங் பட்டறையில் சதுரக் குழாய் வைத்து இருபத்தாறு அங்குலத்தில் செய்துகொண்டோம், உட்கார்ந்தால் ட்வீட்டர் காதுக்கு நேராக வரவேண்டும் என்பதுதான் கணக்கு, உள்ளே காய்ந்த மணல் நிரப்பினால் அதிராமல் நிற்கும். வயர் காப்பர்தானா என்று பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அது காப்பர் பூசின அலுமினியம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மட்டும் மாறிவிட்டால் பேஸ் செத்துப்போய்ப் பாட்டு நடுவில் நிற்காமல் மிதக்கும், நாங்கள் இரண்டு நாள் அப்படித்தான் கேட்டோம், கடையையும் திட்டினோம்.

டைல்ஸ் தரை, காங்கிரீட் சுவர், இதுதான் நம் வீடுகளின் பெரிய தொல்லை. ஹால் நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள், சத்தம் கிணுகிணுவென்று திரும்பி வந்தால் எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் பளிச்சென்று கத்தும். நாங்கள் பெட்டிக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு ஜமக்காளம் விரித்தோம், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டோம். ஜமக்காளத்தைத் தேர்ந்தெடுத்தது அவர், அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நடுவில் உட்காருகிற இடம் ஒருத்தருக்குத்தான், அதை முறை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பெட்டிகளை உள்பக்கம் திருப்பாமல் நேராக வைத்துப் பாருங்கள், கூர்மை கொஞ்சம் குறைந்தாலும் பக்கத்தில் உட்காருகிறவருக்கும் சுமாராகக் கேட்கும். எங்கள் வீட்டில் ராத்திரி எனக்கு, ஞாயிறு காலை அவருக்கு. இப்போது அடிப் பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக வருகிற சப்ஊஃபர் ஒன்று வேண்டுமாம், போன வாரத்திலிருந்து டிவி பக்கத்து மூலையில் பதினைந்து அங்குலத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி நிற்கிறது, இந்தத் தடவை வைத்தது அவர்.