கிளையில் பச்சை, மெயினில் மட்டும் விதிமீறிய கமிட் தலைப்புகள்

நாள்கணக்கில் தின்ற சிக்கல் ஒருவழியாகத் தீர்ந்தது. எங்கள் திறமூலத் திட்டத்தில் எல்லாக் கிளையிலும் கமிட்லின்ட் (கமிட் தலைப்பு விதிப்படி உள்ளதா என்று பார்க்கும் கருவி) பச்சை; முதன்மைக் கிளையான மெயினில் மட்டும் 'feat:', 'fix:' போன்ற முன்னொட்டே இல்லாத தலைப்புகள். அந்த முன்னொட்டுகளை வைத்து உருவாகும் சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பட்டியல்) பல மாற்றங்களைக் காணோம். கமிட் செய்யும்போது இந்தச் சோதனையை ஓட்டும் ஹூக்குகள் குளோனில் வராதே என்று எல்லோரையும் மறுபடி நிறுவச் சொன்னோம். பலனில்லை. விதிகளை இறுக்கினோம், அதே கதை.

காரணம் ஸ்குவாஷ் மெர்ஜ், அதாவது கிளையின் கமிட்டுகளை ஒரே கமிட்டாக்கி மெயினில் சேர்ப்பது. கிளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கமிட் இருந்தால், இயல்பாக அதில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) தலைப்புதான் கமிட் தலைப்பாகிறது. சரி, அதற்கும் சோதனை வைத்தேன்; அப்புறமும் சில நழுவின. சோதனைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் தலைப்பை மட்டும் திருத்தினால் சோதனை தானாக மறுபடி ஓடாது. எந்தெந்த நிகழ்வுக்கு ஓட வேண்டும் என்று சொல்லும் டைப்ஸ் பட்டியலில் 'எடிட்டட்' சேர்த்ததும் நழுவுவது நின்றது. பட்டியல் எழுதினால் ஓப்பன்ட், சிங்க்ரனைஸ், ரீஓப்பன்ட் மூன்றையும் கூடவே எழுத வேண்டும். விட்டால் அந்த நிகழ்வுகளுக்குச் சோதனை ஓடாது. நீள வரம்பையும் 72இலிருந்து 63 ஆக்கினேன்: மெர்ஜில் ஒட்டும் புல் ரிக்வெஸ்டின் ஐந்து இலக்க எண், இடைவெளி, # குறி, இரு அடைப்புக்குறிகள் எல்லாம் சேர்ந்து 9 எழுத்து.