மெயில்கேப்: கோப்புக்கு ஏற்ற செயலியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னஞ்சலில் ஒரு படம் வருகிறது. அதை எந்தச் செயலியில் திறப்பது? யூனிக்ஸ் கணினிகளில் இதற்கு விடை சொல்வது மெயில்கேப் என்ற சின்ன உரைக்கோப்பு. இதன் இலக்கணத்தை நத்தானியேல் போரன்ஸ்டீன் 1993இல் ஆர்எஃப்சி 1524 என்ற இணையத் தர ஆவணமாக எழுதினார். வரியின் தொடக்கத்தில் மைம் வகை (image/png போல, கோப்பில் இருப்பது என்ன என்று சொல்லும் குறியீடு), ஒரு அரைப்புள்ளி, அப்புறம் ஓட்ட வேண்டிய கட்டளை. இதைப் படிக்கப் பைத்தான் நிரல்மொழியில் அதே பெயரில் ஒரு நூலகம் இருந்தது. அதில் கெட்கேப்ஸ் என்ற செயற்கூறு எல்லா வரிகளையும் திரட்டித் தரும். ஃபைண்ட்மேட்ச் என்ற இன்னொன்று நம் கோப்பு வகைக்குப் பொருந்தும் வரியை எடுத்துத் தரும். பழைய ஸ்கிரிப்ட்களில் இன்னும் இதைப் பார்க்கிறேன், கூடவே அதே தவறுகளையும்.

எல்லாவற்றிலும் பெரியது, ஃபைண்ட்மேட்ச் ஒரு செயலியின் பெயரைத் தருகிறது என்று நினைப்பது. அது தருவது ஷெல்லில், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலில், அப்படியே ஓடக்கூடிய முழுக் கட்டளை. கோப்பின் பெயரையும் அதுவே உள்ளே செருகிவிடும். அந்தப் பெயரை வைத்தது யார்? அஞ்சல் அனுப்பிய யாரோ ஒருவர். ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் ஒரு கட்டளை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று பொருள். பெயரின் நடுவே ஒரு அரைப்புள்ளியும் அதன் பின்னால் கோப்புகளை அழிக்கும் கட்டளையும் இருந்தால், படத்தைத் திறக்கப் போன இடத்தில் வீடே காலியாகிவிடும். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2015-20107 என்று பதிவான ஓட்டை இதுதான்.

பைத்தான் 3.11இல் இதை அடைத்தார்கள். ஆங்கில எழுத்து, எண், புள்ளி, சாய்கோடு போன்ற சில குறிகளைத் தவிர வேறு ஆஸ்கி எழுத்து (ஆங்கில விசைப்பலகையின் அடிப்படைக் குறிகள்) பெயரில் இருந்தால், ஓர் எச்சரிக்கையோடு 'பொருத்தம் இல்லை' என்றே விடை வரும். தடை ஆஸ்கிக்கு மட்டும் என்பதால் தமிழ்ப் பெயர்கள் தாராளமாக உள்ளே போகும். ஆனால் இடைவெளியும் ஆஸ்கிதானே! 'மின்கட்டணம்' திறக்கும், 'மின் கட்டணம்' திறக்காது. இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் மெயில்கேப் கோப்பில் குறை தேடியிருக்கிறேன். எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. அது போய்ச் சேர்ந்த பதிவுக்கோப்பை நான் பார்க்கவில்லை.

சரி, பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டால் போதாதா? போதாது. பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள் குறி இருந்தால் நாம் போட்டது அங்கேயே மூடிக்கொள்ளும். கோப்பைத் தற்காலிக அடைவுக்கு நகலெடுத்து, நாமே ஒரு எளிய பெயர் வைப்பதுதான் சரியான வழி. .jpg போன்ற பின்னொட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், பல செயலிகள் அதைப் பார்த்துத்தான் திறக்கும். இங்கே இன்னொரு குழியும் உண்டு. சில செயலிகள் கோப்பை ஏற்கெனவே ஓடும் சாளரத்திடம் ஒப்படைத்துவிட்டு உடனே முடிந்துவிடும். கட்டளை முடிந்ததும் நீங்கள் நகலை அழித்தால், பயனர் பார்ப்பது 'கோப்பு இல்லை' என்ற செய்தியைத்தான். உங்கள் நிரல் முழுதாக மூடும்போது அழியுங்கள்.

வெறுமனே தேடினாலே கட்டளை ஓடக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு வரியில் 'டெஸ்ட்' என்ற புலம் இருந்தால், அந்த வரி இப்போது பொருந்துமா என்று பார்க்க ஃபைண்ட்மேட்ச் அதை ஷெல்லில் ஓட்டும். வரைகலைத் திரை இருக்கிறதா என்று சோதிக்கும் வரிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. அதனால் நம்பிக்கையில்லாத மெயில்கேப் கோப்பைப் படித்துத் தேடாதீர்கள்.

பைத்தான் 3.13இல் இந்த நூலகத்தையே எடுத்துவிட்டார்கள். மாற்றாக மைம்டைப்ஸ் என்ற நூலகம் சொல்லப்படுகிறது, ஆனால் அது பாதி வேலையைத்தான் செய்யும். பின்னொட்டைப் பார்த்து வகையை ஊகிக்கும். எந்தச் செயலி என்று சொல்லாது, உள்ளடக்கத்தையும் திறந்து பார்க்காது.

நான் இப்போது வகைக்கு ஒரு செயலி என்று சிறிய அகராதி ஒன்றை நிரலிலேயே வைத்துக்கொள்கிறேன். ஷெல்லைத் தொடாமல், வேறு நிரல்களை ஓட்டும் பைத்தான் நூலகமான சப்ப்ராசஸுக்குச் செயலியையும் கோப்பையும் தனித்தனி உறுப்புகளாகப் பட்டியலில் கொடுக்கிறேன். பெயர் குறுங்கோட்டில் தொடங்கினால் சில செயலிகள் அதை ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். அதனால் கோப்பின் முழுப் பாதையையே கொடுங்கள்.